முழு இழப்பு

பதின்மூன்று வருடம்.
கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி,
வெள்ளவத்தையில் நாலாம் மாடி, பின்பக்கக் குளியலறை.
சுழற்சி ஏறும்போது தரையைவிட்டு எழும்பி
ஒரு சாண், ஒன்றரைச் சாண் நடந்துவந்து
கதவை இடித்து நிற்கிறது.
நான் முதுகால் முட்டுக் கொடுத்தபடி
பல் துலக்குகிறேன்.

தெமட்டகொடையிலிருந்து இர்பாஸ் வந்தார்.
பின்மூடியைக் கழற்றி
போன் வெளிச்சத்தை உள்ளே விட்டு
உச்சுக் கொட்டினார்.
"உப்புக் காத்து மிஸ். பேரிங் முடிஞ்சி.
டிரம்மைத் தாங்குற கால் மூணுல ஒண்டு வெடிச்சி.
முப்பத்தெட்டாயிரம் வரும்.
ஆறு மாசமும் ஓடும், ஆறு வருசமும் ஓடும்,
செல்ல ஏலா."

காலி வீதிக் கடையில் புதியது
ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம், இருபத்து நாலு தவணை.
துவைத்து முடிந்ததும்
உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும் என்றான் பொடியன்.
எங்களுடையது கதவில் தட்டிச் சொல்கிறது.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.

கறண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
கணக்கு என் தொழில்.
பொரளையில் மூன்றாம் மாடியில்
அடிபட்ட வாகனங்களின் படங்களைப் பார்ப்பதற்கு
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
திருத்தும் செலவு
பெறுமதியின் அறுபது வீதத்தைத் தாண்டினால்
கோப்பின் மேல்மூலையில் சிவப்பால் எழுதுவேன்:
முழு இழப்பு.
இதன் பெறுமதி என்ன?
பழைய இரும்புக்காரன் ஆறாயிரம் என்றான்.
அதுவும் தானே இறக்கிக்கொண்டு போவதென்றால் ஐந்து.
என் விதிப்படி இது
ஆறு தடவை செத்துவிட்டது.

கறண்ட் வந்துவந்து போன அந்த வருடம்
இரவு இரண்டு மணிக்கு வெளிச்சம் திரும்பினால்
வீட்டில் எங்களுக்கு முன்னால் எழும்புவது இதுதான்.
விட்ட இடத்திலிருந்து, ஒரு பொத்தானும் அமத்தாமல்,
பாதி அலசிய பள்ளிச் சட்டைகளோடு.
நன்றிக்கடன் என்று சொல்லமாட்டேன்.
மெஷினுக்கு என்ன நன்றி.
கீர்த்தனன் போர்வைக்குள்ளிருந்து
"அது வேலைக்குப் போட்டுது" என்பார்,
திரும்பிப் படுப்பார்.
இப்போது அவரே சொல்கிறார், புதுசு எடுப்பம்,
போட்டு இழுக்காதையும்.

இர்பாஸ் ஸ்க்ரூக்களைத் தட்டில் எண்ணி வைத்தார்.
என்ன செய்ய, மிஸ்?
என் வாயிலிருந்து வந்தது:
"ஓடுதுதானே."
"எல்லாரும் செல்றது அதத்தான்" என்று சிரித்தார்.

எல்லாரும் சொல்வதைத்தான்
மாசி மாதம் என் மேசைக்கு முன்னால் நின்று
கொலன்னாவைப் பிரேமசிறி சொன்னார்.
முன்சில்லு கோணிய ஓட்டோவை
தானே ஓட்டிக்கொண்டு வந்து
வாசலில் நிறுத்தியிருந்தார், நான் எட்டிப் பார்ப்பதற்காக.
"துவனவானே, மிஸ்."
ஓடுதுதானே.
யன்னல் நாலடி தூரம்.
தேநீர் வந்துவிட்டிருந்தது.
நான் எழும்பவில்லை.

பஞ்சிகாவத்தையில் பேரிங் கிடைத்தது.
கால் மட்டும் வேறொரு செத்த மெஷினுடையது.
ஒரு கிழமை இரண்டு வாளியில் துவைத்தோம்,
மகளின் காற்சட்டை பிழியப் பிழிய
மணிக்கட்டு வீங்கியது.
சனிக்கிழமை போட்டேன்.
நடக்கவில்லை.
தகரத்தில் சில்லறை உருள்வதுபோல்
புதிதாக ஒரு சத்தம் மட்டும்.
இர்பாஸுக்குப் போன் எடுக்கவில்லை.
எடுத்தால் ஏதாவது சொல்லுவார்.
முதுகு பழக்கத்தில் போய்
கதவோரம் நின்றது.

திங்கள் அந்தக் கோப்பை எடுப்பித்தேன்.
மூடியது மூடியதுதான், எனக்கே தெரியும்.
மூன்று இடத்தில் அவருடைய கையொப்பம்.
மூன்றாவது இடத்தில்
பேனா தாளைக் கிழித்திருந்தது.